கால்நடை மருத்துவத்தில் மருந்தளவு, நீர்மக் கணக்கீடுகள்

கால்நடை மருத்துவத்தில் மருந்தளவுக் கணக்கீடு என்பது, நோயுற்ற விலங்கின் இனம், உடல் எடை, மருந்தின் செறிவு ஆகியவற்றைக் கொண்டு அவ்விலங்குக்குத் தரவேண்டிய மருந்தின் அளவைக் கண்டறியும் முறையாகும். நீர்மக் கணக்கீடு என்பது வயிற்றுப்போக்கு, வாந்தி, குருதிப்போக்கு போன்றவற்றால் உடல் இழந்த நீரையும் உப்புக்களையும் எவ்வளவு, எந்த வேகத்தில் ஈடுசெய்வது எனக் கணிப்பதாகும். கால்நடை மருத்துவ மாணவர்களும் விலங்கு மருத்துவமனை உதவியாளர்களும் இவ்விரண்டையும் பயிற்சியின் தொடக்கத்திலேயே கற்கின்றனர். இவற்றுக்குத் தேவையான கணிதம் பெரும்பாலும் பெருக்கல், வகுத்தல், விழுக்காடு ஆகியவற்றைத் தாண்டுவதில்லை. ஆயினும் தசமப் புள்ளி ஓரிடம் தள்ளிப்போனால் மருந்து பத்து மடங்காகிவிடும். பிழையான விடையும் பார்வைக்குச் சரியான விடையைப் போன்றே இருக்கும் என்பதால், கணக்கைச் செய்வதைவிடக் கிடைத்த விடையை ஐயுற்றுச் சரிபார்ப்பதே இக்கல்வியின் கடினமான பகுதி எனலாம்.

மனித மருத்துவத்திலிருந்து வேறுபாடு

மனித மருத்துவத்தில் வளர்ந்தவர்களுக்குப் பல மருந்துகள் நிலையான அளவில் தரப்படுகின்றன. 50 கிலோ எடையுள்ளவருக்கும் 80 கிலோ எடையுள்ளவருக்கும் அதே 500 மில்லிகிராம் மாத்திரை போதும். கால்நடை மருத்துவத்தில் இது இயலாது. ஒரே நாளில் 35 கிராம் எடையுள்ள காதற்கிளியும், 4 கிலோ பூனையும், 500 கிலோ எருமையும் ஒரே மருத்துவரிடம் வரக்கூடும். முதலாவதற்கும் கடைசியானதற்கும் இடையே எடையில் 14,000 மடங்குக்கும் மேல் வேறுபாடு உள்ளது.

மாடுகளுக்கெனத் தயாரிக்கப்பட்ட மருந்தைச் சிறு விலங்குக்குத் தர நேரும்போது இவ்வேறுபாட்டின் விளைவு தெரியும். ஒட்டுண்ணிகளுக்கு எதிரான ஐவர்மெக்டின் 1% ஊசிமருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் மருந்து உள்ளது. கிலோவுக்கு 0.2 மி.கி. என்ற அளவில் 400 கிலோ பசுவுக்கு 80 மி.கி., அதாவது 8 மி.லி. தேவை. அதே அளவில் 2 கிலோ முயலுக்குத் தேவைப்படுவது 0.4 மி.கி., அதாவது 0.04 மி.லி. மட்டுமே. இதை 2 மி.லி. ஊசிக்குழலில் நம்பகமாக அளக்க முடியாது. மருந்தைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்தால் 0.4 மி.லி. என்ற அளக்கத்தக்க அளவு கிடைக்கும். ஐவர்மெக்டின் நீரில் எளிதில் கரையாததால் இதற்குப் புரொப்பைலீன் கிளைக்கால் போன்ற நீர்மமே பயன்படுகிறது. எண் சரியாக இருந்தாலும் கரைப்பான் தவறானால் மருந்து சீராகக் கலவாது.

உடல் எடை

எல்லாக் கணக்கும் உடல் எடையில் தொடங்குகிறது. நாயையும் பூனையையும் தராசில் நிறுத்தலாம். சிற்றூரின் தொழுவத்தில் நிற்கும் பசுவுக்குத் தராசு கிடைப்பதில்லை. அங்கு அளவு நாடாவைக் கொண்டு எடை மதிப்பிடப்படுகிறது. முன்னங்கால்களுக்குப் பின்புறம் மார்பைச் சுற்றி எடுக்கும் அளவும், தோள்பட்டை முனையிலிருந்து பிட்ட எலும்பு வரையிலான நீளமும் அங்குலத்தில் எடுக்கப்படும். ஷேஃபர் வாய்பாடு பின்வருமாறு:

எடை (கிலோ) = மார்புச் சுற்றளவு × மார்புச் சுற்றளவு × உடல் நீளம் ÷ 660

மார்புச் சுற்றளவு 64 அங்குலம், நீளம் 54 அங்குலம் எனில் எடை ஏறத்தாழ 335 கிலோ ஆகும். சுற்றளவு இருமுறை பெருக்கப்படுவதால் அதில் நேரும் பிழை இரட்டிக்கிறது. நாடாவைத் தளர்வாகப் பிடித்து 66 அங்குலம் எனக் குறித்தால் விடை 356 கிலோவாகிவிடும். பெரும்பாலான மருந்துகளுக்கு இந்த 6 விழுக்காட்டு வேறுபாடு தீங்கற்றது. கண்ணால் பார்த்து எடையைச் சொல்லும் பழக்கம் இதைவிடப் பல மடங்கு பிழை தரக்கூடியது.

மந்தைகளில் வேறொரு சிக்கல் எழுகிறது. ஆடுகளுக்குக் குடற்புழு நீக்கம் செய்யும்போது மந்தையின் சராசரி எடைக்கு மருந்து கணித்தால், சராசரியைவிடக் கனமான ஆடுகள் அனைத்தும் குறைவான மருந்தையே பெறும். அவற்றின் குடலில் தப்பிப் பிழைக்கும் புழுக்களே மருந்துக்கு எதிர்ப்பாற்றல் பெற்ற தலைமுறையை உருவாக்குகின்றன. எனவே எடை வாரியாக ஆடுகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிலும் மிகக் கனமான ஆட்டின் எடைக்கே மருந்து கணிப்பது வழக்கம்.

மில்லிகிராமும் மில்லிலிட்டரும்

கணக்கின் அடிப்படை இரண்டு படிகளைக் கொண்டது.

தேவையான மருந்து (மி.கி.) = உடல் எடை (கிலோ) × மருந்தளவு (மி.கி./கிலோ)
செலுத்தும் கனஅளவு (மி.லி.) = தேவையான மருந்து (மி.கி.) ÷ செறிவு (மி.கி./மி.லி.)

முதற்படி விலங்கையும் மருந்தையும் பொறுத்தது. இரண்டாம் படி கையிலுள்ள குப்பியைப் பொறுத்தது. மெலாக்சிகாம் என்னும் வலிநீக்கி மாடுகளுக்குக் கிலோவுக்கு 0.5 மி.கி. அளவில் தரப்படுகிறது. 400 கிலோ பசுவுக்கு 200 மி.கி. தேவை. மி.லி.க்கு 5 மி.கி. செறிவுள்ள குப்பியானால் 40 மி.லி. எடுக்க வேண்டும். 20 மி.கி. செறிவுள்ள குப்பியானால் 10 மி.லி. போதும். இரண்டு செறிவுகளிலும் இம்மருந்து தயாரிக்கப்படுகிறது.

கால்நடைப் பணியாளர்களும் உழவர்களும் பேச்சு வழக்கில் "பத்து சி.சி. போட்டோம்" என்றே கூறுவர். சி.சி. என்பது மில்லிலிட்டரே. எத்தனை மில்லிகிராம் மருந்து உட்சென்றது என்பதை இக்கூற்று தெரிவிப்பதில்லை. முந்தைய நாள் சிகிச்சை அளித்தவரிடமிருந்து அடுத்தவருக்குச் செய்தி இவ்வாறு செல்லும்போது குப்பி மாறியிருந்தால் மருந்தளவும் மாறிவிடுகிறது. எனவே நோய்க்குறிப்பேட்டில் மருந்தின் பெயர், செறிவு, மில்லிகிராம், மில்லிலிட்டர் ஆகிய நான்கையும் எழுதுமாறு மாணவர்கள் பழக்கப்படுத்தப்படுகின்றனர்.

சிட்டைகளில் செறிவு பல வடிவங்களில் அச்சிடப்படுவது குழப்பத்தைக் கூட்டுகிறது. விழுக்காடு என்பது 100 மி.லி. கரைசலில் உள்ள கிராம் அளவாகும். எனவே 1% என்பது மி.லி.க்கு 10 மி.கி.; விழுக்காட்டு எண்ணைப் பத்தால் பெருக்கினால் மி.கி./மி.லி. கிடைத்துவிடும். 1% என்பதை மி.லி.க்கு 1 மி.கி. எனக் கொள்வது தொடக்கநிலை மாணவர் செய்யும் வழக்கமான பிழைகளுள் ஒன்று. அட்ரினலினில் 1:1000 என்பது மி.லி.க்கு 1 மி.கி., 1:10,000 என்பது 0.1 மி.கி. ஆகும். பின்னதில் எண் பெரிது, மருந்து சிறிது. உயிர் ஊசலாடும் நேரத்தில் படிக்க வேண்டிய சிட்டைக்கு இது பொருத்தமான குறியீடு அன்று. அமெரிக்காவில் 2016 ஆம் ஆண்டு முதல் மனிதருக்கான அட்ரினலின் ஊசிமருந்தின் சிட்டைகளிலிருந்து இவ்விகிதக் குறியீடு நீக்கப்பட்டது.

இனத்துக்கு இனம் மாறும் அளவு

ஒரே எடையுள்ள இரு விலங்குகளுக்கு ஒரே அளவு பொருந்தும் என்று கொள்ள இயலாது. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு சைலசீன் என்னும் மயக்கமருந்து. குதிரைக்குச் சிரைவழியாகக் கிலோவுக்கு ஏறத்தாழ 1.1 மி.கி. தரப்படுகிறது. மாடுகள் இம்மருந்துக்கு மிகுந்த கூருணர்வு உடையவை. அவற்றுக்குக் கிலோவுக்கு 0.05 மி.கி. அளவே போதுமானதாக இருக்கக்கூடும். 400 கிலோ குதிரைக்கு 440 மி.கி., அதே எடையுள்ள பசுவுக்கு 20 மி.கி. என இடைவெளி 22 மடங்காகிறது. அத்துடன் சைலசீன் 2%, 10% என இரு செறிவுகளில் கிடைக்கிறது. பசுவுக்குரிய 20 மி.கி. முதற்குப்பியில் 1 மி.லி., இரண்டாவதில் 0.2 மி.லி. ஆகும். இனத்தையும் குப்பியையும் ஒருசேர மாற்றிக்கொண்டால் நேரும் பிழை நூறு மடங்கைத் தாண்டும்.

வெள்ளாடுகள் அல்பென்டசோல் வகைக் குடற்புழு மருந்துகளைச் செம்மறிகளைவிட விரைவாகச் சிதைத்து வெளியேற்றுகின்றன. ஆகவே செம்மறிக்குரிய அளவைப்போல் 1.5 முதல் 2 மடங்கு வெள்ளாட்டுக்குத் தேவைப்படும். கோலி வகை நாய்கள் பலவற்றில் எம்டிஆர்1 என்னும் மரபணு பழுதுற்றிருப்பதால் ஐவர்மெக்டின் மூளைக்குள் புகுந்துவிடுகிறது. பிற நாய்கள் எளிதில் தாங்கும் அளவுகளே இவற்றுக்கு நஞ்சாகலாம். இம்மரபணுப் பிறழ்வு 2001 ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது.

சில மருந்துகளுக்குக் கணக்கே பொருந்தாது. பாரசிட்டமாலைச் செயலிழக்கச் செய்யும் நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. வீட்டிலுள்ள 500 மி.கி. மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. பூனைக்கு இதன் பாதுகாப்பான அளவு எதுவும் இல்லை எனக் கொள்ளப்படுவதால், மாத்திரையை எத்தனை துண்டாக்குவது என்னும் கேள்வி எழுவதில்லை.

டஸ்கோ நிகழ்வு

உடல் எடையைக் கொண்டு மட்டும் மருந்தளவை நீட்டிப்பதன் ஆபத்துக்குப் பாடநூல்கள் சுட்டும் நிகழ்வு அமெரிக்காவின் ஓக்லகோமா நகரில் நடைபெற்றது. 1962 ஆம் ஆண்டு ஆகத்து மாதம் அந்நகரின் விலங்குக் காட்சியகத்தில் இருந்த டஸ்கோ என்னும் ஆண் யானைக்கு எல்எஸ்டி என்னும் மாயத்தோற்ற மருந்து 297 மி.கி. செலுத்தப்பட்டது. ஆண் யானைகளுக்கு வரும் மதநிலையை ஒத்த நிலையை மருந்தால் உண்டாக்க முடியுமா எனக் காண்பதே ஆய்வாளர்களின் நோக்கம். பூனைகளைச் சீற்றங்கொள்ளச் செய்த கிலோவுக்கு 0.1 மி.கி. என்ற அளவு, ஏறத்தாழ 3 டன் எடையுள்ள யானைக்கு அப்படியே பெருக்கப்பட்டது. சில நிமிடங்களில் யானை விழுந்து வலிப்புக்குள்ளானது. வேறு மருந்துகள் கொடுத்தும் பயனின்றி, ஏறத்தாழ 1 மணி 40 நிமிடங்களில் இறந்தது. இதன் அறிக்கை அதே ஆண்டு சயன்ஸ் இதழில் வெளியாயிற்று. சாவுக்கு எல்எஸ்டி மட்டும் காரணமா, பின்னர் தரப்பட்ட மருந்துகளுக்கும் பங்குண்டா என்பது பிற்காலத்தில் விவாதிக்கப்பட்டது.

பெருக்கல் சரியாகவே செய்யப்பட்டிருந்தது. எடை கூடும் அதே வீதத்தில் மருந்துத் தேவையும் கூடும் என்னும் கருதுகோளே தவறு. பெரிய விலங்கின் ஒவ்வொரு கிலோ உடலும் சிறிய விலங்கினுடையதைவிட மெதுவாக ஆற்றலைச் செலவிடுகிறது. மாக்ஸ் கிளைபர் 1932 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, வளர்சிதை மாற்ற வீதம் உடல் எடையின் ஏறத்தாழ 3/4 அடுக்குக்கு ஏற்ப மாறுகிறது. 4 கிலோ பூனைக்கு 0.4 மி.கி. என்பதை அடிப்படையாகக் கொண்டு இவ்வடுக்கின்படி கணித்தால், 2,970 கிலோ யானைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 57 மி.கி. ஆகும். இது செலுத்தப்பட்டதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்த எண்ணும் பாதுகாப்பானது என்று கொள்வதற்கில்லை. பூனையின் மூளையும் யானையின் மூளையும் ஒரே மருந்துக்கு ஒரே வகையில் எதிர்வினை காட்டும் என்பதற்கு எவ்வித உறுதியும் இல்லை.

நீரிழப்பும் நீர்மத் தேவையும்

சிரைவழியாக உப்புநீர் செலுத்தும் முறையைத் தாமசு லாட்டா என்னும் மருத்துவர் 1832 ஆம் ஆண்டு இசுக்கொட்லாந்தில் காலரா நோயாளிகளுக்குக் கையாண்டார். 1880களில் சிட்னி ரிங்கர் தவளை இதயங்களை ஆய்ந்து, வெறும் உப்புநீரில் நின்றுபோகும் இதயம் கால்சியம் சேர்ந்தால் துடிப்பதைக் கண்டார். வடித்த நீருக்கு மாறாகக் குழாய் நீர் தற்செயலாகப் பயன்பட்டதே இக்கண்டுபிடிப்புக்கு வழிவகுத்தது. 1930களில் அலெக்சிசு ஆர்ட்மன் இக்கரைசலில் லாக்டேட்டைச் சேர்த்தார். இன்று கால்நடை மருந்தகங்களில் 500 மி.லி. பாட்டில்களில் காணப்படும் ரிங்கர் லாக்டேட் இதன் வழிவந்ததே.

நீர்மத் தேவை மூன்று பகுதிகளின் கூட்டாகும்: ஏற்கெனவே இழந்த நீர், அன்றாடப் பராமரிப்புக்குரிய நீர், தொடர்ந்து இழந்துகொண்டிருக்கும் நீர்.

இழந்த நீர், நீரிழப்பு விழுக்காட்டிலிருந்து கணிக்கப்படுகிறது. 5 விழுக்காட்டுக்குக் குறைவான நீரிழப்பு உடற்பரிசோதனையில் புலப்படாது. 5 முதல் 6 வரை, கிள்ளி விட்ட தோல் சற்றுத் தாமதமாகப் படியும். 8 அளவில் ஈறுகள் உலர்ந்து கண்கள் சிறிது குழிவிழும். 10 முதல் 12 வரை தோல் மடிப்பு அப்படியே நிற்கும். நாடித்துடிப்பு விரைந்து மெலியும். அதற்கு மேல் உயிருக்கு ஆபத்து. முதிய, மெலிந்த விலங்கின் தோல் நீரிழப்பு இல்லாமலே மெதுவாகப் படிவதாலும், கொழுத்த விலங்கின் தோல் நீரிழந்த பின்னும் விரைந்து படிவதாலும் இம்மதிப்பீடு தோராயமானதே. நோய்க்கு முன் எடுத்த எடை தெரிந்திருப்பின் அதுவே நம்பத்தக்கது. ஓரிரு நாட்களில் குறைந்த 1 கிலோ எடை ஏறத்தாழ 1 லிட்டர் நீருக்குச் சமம்.

எடுத்துக்காட்டாக, வாந்தியும் கழிச்சலும் உள்ள 20 கிலோ நாய் 8% நீரிழப்புடன் கொண்டுவரப்படுகிறது எனக் கொள்வோம்.

இழந்த நீர் = 20 × 8 ÷ 100 = 1.6 லிட்டர் = 1,600 மி.லி.
பராமரிப்பு = 20 × 50 மி.லி. = 1,000 மி.லி. (ஒரு நாளுக்கு)
தொடரும் இழப்பு (மதிப்பீடு) = 400 மி.லி.
மொத்தம் = 3,000 மி.லி., அதாவது 24 மணி நேரத்தில் மணிக்கு 125 மி.லி.

பராமரிப்புக்குக் கிலோவுக்கு 40 முதல் 60 மி.லி. என்பது பரவலாகக் கையாளப்படும் அளவு. கிளைபரின் அடுக்கு இங்கும் இடம்பெறுகிறது. நாய்களுக்கு 132 × (எடை)^0.75 என்னும் வாய்பாட்டின்படி 20 கிலோ நாய்க்கு ஏறத்தாழ 1,250 மி.லி. வரும். 2 கிலோ குட்டிக்கோ முதல் முறை 100 மி.லி. என்றும், இரண்டாவது 222 மி.லி. என்றும் கூறும். மிகச் சிறிய விலங்குகளில் எளிய பெருக்கல் எவ்வளவு குறைத்துக் காட்டும் என்பது இதனால் விளங்கும்.

குருதியோட்டம் தளர்ந்து அதிர்ச்சி நிலையில் உள்ள விலங்குக்கு 24 மணி நேரக் கணக்கு உதவாது. பழைய பாடநூல்கள் நாய்க்கு ஒரு மணி நேரத்தில் கிலோவுக்கு 90 மி.லி. வரை எனக் கூறின. இப்போது அதைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, நாய்க்குக் கிலோவுக்கு 10–20 மி.லி., பூனைக்கு 5–10 மி.லி. எனச் சுமார் 15 முதல் 30 நிமிடங்களில் செலுத்தி, ஒவ்வொரு முறையும் நாடியையும் ஈறு நிறத்தையும் பார்த்து அடுத்ததை முடிவு செய்கின்றனர். பூனைகளின் நுரையீரலில் மிகைநீர் எளிதில் தேங்கிவிடும்.

சொட்டு வேகம்

மின்னேற்றி இல்லாத இடங்களில் நீர்மத்தின் வேகம் சொட்டுகளை எண்ணிச் சரிசெய்யப்படுகிறது. ஒரு மி.லி.க்கு எத்தனை சொட்டு என்பது சொட்டுக்குழாயின் உறையில் அச்சிடப்பட்டிருக்கும்.

நிமிடத்துக்குச் சொட்டுகள் = மணிக்குரிய மி.லி. × ஒரு மி.லி.க்குரிய சொட்டுகள் ÷ 60

மேற்கண்ட நாய்க்கு 20 சொட்டுக் குழாயில் 125 × 20 ÷ 60 = ஏறத்தாழ 42 சொட்டுகள். 10 வினாடிக்கு 7 சொட்டு என நினைவில் கொள்வது கடிகாரத்தைப் பார்த்து எண்ண எளிது. 60 சொட்டு நுண்குழாயில் மணிக்குரிய மி.லி. எண்ணும் நிமிடத்துக்குரிய சொட்டு எண்ணும் ஒன்றே. விலங்கு காலை மடக்கினாலும் பாட்டிலின் உயரம் மாறினாலும் வேகம் மாறிவிடும். எனவே பாட்டிலின் பக்கவாட்டில் ஒட்டுநாடாவை ஒட்டி மணிவாரியாக நீர்மட்டம் எங்கே இருக்க வேண்டும் எனக் குறித்துவைப்பதுண்டு.

பாட்டிலில் சேர்க்கும் மருந்துகள்

வேகத்தில் செய்யும் பிழை வெறும் நீர்மத்தில் பெரும்பாலும் திருத்தத்தக்கது. பொட்டாசியம் சேர்த்த பாட்டிலில் அது கொல்லும். பொட்டாசியம் வழக்கமாக ஒரு மணி நேரத்தில் கிலோவுக்கு 0.5 மில்லிமோலைத் தாண்டக்கூடாது. 15% பொட்டாசியம் குளோரைடு 10 மி.லி. குப்பியில் 20 மில்லிமோல் உள்ளது. இதை 500 மி.லி. சலைன் பாட்டிலில் சேர்த்து, 20 கிலோ நாய்க்கு மணிக்கு 125 மி.லி. வேகத்தில் செலுத்தினால், மணிக்குக் கிலோவுக்கு 0.25 மில்லிமோலே செல்லும். இது எல்லைக்குள் உள்ளது. நாய் தளர்ந்திருப்பதைக் கண்ட ஒருவர் அதே பாட்டிலை அரைமணியில் ஓடவிட்டால், வேகம் மணிக்குக் கிலோவுக்கு 2 மில்லிமோலாகும். எல்லையைப் போல் நான்கு மடங்கான இவ்வேகத்தில் இதயம் நின்றுவிடக்கூடும். ஆகவே பொட்டாசியம் சேர்த்த பாட்டிலின்மீது பெரிதாக எழுதி ஒட்டுவதும், அவசர நீர்மத்துக்கு வேறு பாட்டிலை வைத்துக்கொள்வதும் கட்டாயமாகக் கருதப்படுகின்றன. சேர்த்தபின் பாட்டிலைப் பலமுறை கவிழ்த்துக் கலக்க வேண்டும். இல்லையேல் கனமான பொட்டாசியம் அடியில் தங்கி முதலில் சென்றுவிடும்.

கழிச்சலால் படுத்துவிட்ட கன்றுகளின் குருதி அமிலத்தன்மை அடைகிறது. அதற்கான பைகார்பனேட்டு அளவு, எடை × காரக் குறைபாடு × 0.6 எனக் கணிக்கப்படுகிறது. 40 கிலோ கன்றில் குறைபாடு லிட்டருக்கு 15 மில்லிமோல் எனில் 360 மில்லிமோல் தேவை. 1 கிராம் சோடியம் பைகார்பனேட்டில் ஏறத்தாழ 12 மில்லிமோல் இருப்பதால் இது 30 கிராம் ஆகும். குருதியின் ஊடுபரவல் அழுத்தத்தை ஒத்த 1.3% கரைசலாகத் தயாரித்தால் 2.3 லிட்டர் வரும்.

நீர்க்கச் செய்வதிலும் ஒரு நுட்பம் உண்டு. 500 மி.லி. சலைனில் 5% குளுக்கோசு வேண்டுமெனில் 25 கிராம் தேவை. 50% கரைசலில் அது 50 மி.லி. ஆகும். முதலில் பாட்டிலிலிருந்து 50 மி.லி. சலைனை வெளியேற்றிய பின்னரே இதைச் சேர்க்க வேண்டும். வெளியேற்றாமல் சேர்த்தால் 550 மி.லி. நீர்மத்தில் 4.5% குளுக்கோசே இருக்கும். இப்பிழை பொதுவாகச் சிறியதே.

பால் காய்ச்சல் கண்ட பசுவுக்குச் செலுத்தும் கால்சியம் போரோகுளுக்கொனேட்டில் நிலைமை வேறு. அங்கு அளவு சரியாக இருந்தாலும் வேகம் மிகுந்தால் இதயத்துடிப்பு ஒழுங்கிழந்து நின்றுவிடலாம். ஆகவே மருந்தை உடற்சூட்டுக்குக் கொண்டுவந்து, இதயத்தைக் கேட்டுக்கொண்டே மெதுவாகச் செலுத்துகின்றனர்.

இன்சுலினும் ஊசிக்குழலும்

இன்சுலின் மில்லிகிராமில் அளக்கப்படுவதில்லை, அலகுகளில் அளக்கப்படுகிறது. யூ-40 வகையில் மி.லி.க்கு 40 அலகும், யூ-100 வகையில் 100 அலகும் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனி ஊசிக்குழல் உண்டு. பொதுவாக முன்னதன் மூடி சிவப்பாகவும் பின்னதன் மூடி செம்மஞ்சளாகவும் இருக்கும். நாய்களுக்கெனத் தயாரிக்கப்படும் இன்சுலின்களுள் யூ-40 வகை உண்டு. 4 அலகு தரவேண்டிய நாய்க்கு யூ-100 இன்சுலினை யூ-40 குழலின் 4 ஆம் கோடு வரை எடுத்தால் 0.1 மி.லி. வரும். அதில் 10 அலகு உள்ளது. மாறாக யூ-40 இன்சுலினை யூ-100 குழலில் எடுத்தால் 1.6 அலகே செல்லும். வீட்டில் ஊசி போடுபவர் விலங்கின் உரிமையாளரே என்பதால், குழலின் வகையையும் எழுதித் தருவது மருத்துவரின் பொறுப்பாகிறது.

கற்பிக்கும் முறை

சென்னை வேப்பேரியில் 1903 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி, 1989 ஆம் ஆண்டு முதல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் உறுப்பாக உள்ளது. இத்தகைய கல்லூரிகளில் இக்கணக்குகள் மருந்தியல் பாடத்திலும், பின்னர் மருத்துவமனைப் பயிற்சியிலும் இடம்பெறுகின்றன. வட அமெரிக்காவில் கால்நடைத் தொழினுட்பர்களுக்கான தேசியத் தேர்விலும் இவை உள்ளன.

பயிற்றுநர் பலர் வாய்பாட்டை மனப்பாடம் செய்வதைவிட அலகுகளை நீக்கிச் செல்லும் முறையையே விரும்புகின்றனர். ஒவ்வோர் எண்ணுக்கும் அருகில் அதன் அலகை எழுதி, மேலும் கீழும் ஒத்த அலகுகளை அடித்துக்கொண்டே சென்றால் இறுதியில் மி.லி. மட்டும் எஞ்ச வேண்டும். வேறு எதுவும் எஞ்சினால் எங்கோ பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்திருப்பது தெரிந்துவிடும். எழுதும் முறையிலும் கட்டுப்பாடு உண்டு: அரையை 0.5 என எழுத வேண்டும், .5 என எழுதக்கூடாது. ஐந்தை 5 என எழுத வேண்டும், 5.0 என எழுதக்கூடாது. புள்ளி மங்கினால் இரண்டும் பத்து மடங்குப் பிழையாகப் படிக்கப்படும். மைக்ரோகிராமைச் சுருக்காமல் முழுமையாக எழுதுவதும் இதே காரணத்தால்தான்.

கணிப்பானைத் தொடும் முன் விடையைத் தோராயமாக மனத்தில் மதிப்பிடும் பயிற்சியும் அளிக்கப்படுகிறது. 9.6 கிலோ நாய்க்குக் கிலோவுக்கு 5 மி.கி. அளவில் என்ரோஃபிளாக்சசின் தரவேண்டுமெனில், 10 கிலோவுக்கு 50 மி.கி. என முதலில் சொல்லிக்கொள்ளலாம். 10% குப்பியில் அது அரை மி.லி. ஆகும். கணிப்பான் 4.8 எனக் காட்டினால் கணக்கை மீண்டும் பார்க்க வேண்டும். சரியான விடை 0.48. பொட்டாசியம், இன்சுலின், மயக்கமருந்து போன்றவற்றுக்கு, முதலாமவரின் விடையைப் பார்க்காமல் இரண்டாமவர் ஒருவர் தனியே கணக்கிட்டு ஒப்பிடுவது பல மருத்துவமனைகளில் வழக்கமாக உள்ளது. விடையைக் காட்டி "சரிதானே" என்று கேட்டால் பெரும்பாலும் ஆம் என்ற மறுமொழியே கிடைக்கும் என்பதால், தனியே கணக்கிடுதல் வலியுறுத்தப்படுகிறது.